அந்த இடத்துக்காரர்கள்

வாசகரே, இன்று நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப்போகும் இனத்துக்குக் கொம்பு கிடையாது, வால் கிடையாது, ஒரு குறிப்பிட்ட இடத்தின் பெயரைச் சொல்ல வாயும் கிடையாது. 'அந்த இடத்துக்காரர்கள்' என்று நானாக இவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். தலைவலி வந்தால் தலை என்பார்கள். பல்வலி வந்தால் பல் என்பார்கள். முழங்கால் வலி வந்துவிட்டாலோ கேட்டவரையும் கேட்காதவரையும் பிடித்து நிறுத்தி, மடக்கிக் காட்டி, நீட்டிக் காட்டி, அது எழுப்பும் 'கடக்' சத்தத்தையும் கேட்க வைத்துவிட்டுத்தான் விடுவார்கள். ஆனால் முதுகெலும்பு எங்கே முடிகிறதோ அங்கே இவர்களுடைய தமிழும் முடிந்துவிடும். அதற்குக் கீழே எல்லாம் 'அந்த இடம்'தான்.

எனக்கு எப்படித் தெரியும்? இருபத்தொரு வருடமாக மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நிற்கிறவள் நான். இந்த இனம் கடைக்குள் நுழையும் அழகைத் தினமும் பார்க்கிறேன். முதலில் வாசலில் இருக்கும் எடை இயந்திரத்தில் ஏறி இறங்குவார்கள். உள்ளே நாலு பேர் நின்றால் ஒரு சீப்பு வாங்குவார்கள். அந்த நாலு பேரும் நகரவில்லை என்றால் இருமல் மிட்டாய். அப்புறம் பஞ்சு, அப்புறம் பற்பசை. கடை காலியானதும் மேசை மேல் குனிந்து, ரகசியப் போலீஸ்காரர் குரலில், 'ஒரு களிம்பு வேணும்' என்பார்கள். எதற்கு என்று கேட்டுவிட்டால் போச்சு. 'எனக்கில்ல, தெரிஞ்சவர் ஒருத்தருக்கு.' யார் அந்தத் தெரிஞ்சவரோ, பாவம், ஊரில் இருக்கிற அத்தனை வியாதியும் அவர் ஒருவருக்கே வந்து தொலைக்கிறது. இப்படியே என்னிடம் ஏழு சீப்பு வாங்கியிருக்கிறார் ஒருவர். அவர் தலையில் ஒரு முடி கிடையாது.

இதற்கு இலக்கணத்தின் ஆசீர்வாதம் வேறு இருக்கிறது என்பதுதான் கொடுமை. இடக்கரடக்கல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நாலு பேர் நடுவே சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மூடிச் சொல்வது. மலம் கழித்துவிட்டு வந்தவர் 'கால் கழுவி வந்தேன்' என்பார். ஆசிரியர் அதை மெச்சிப் பாடம் நடத்துவார், நாமும் இரண்டு மதிப்பெண்ணுக்கு அதை எழுதுவோம். நல்லது, சபையில் மூடிக்கொள்ளலாம். மருத்துவரிடம் போய் 'கால் கழுவும்போது ரத்தம் வருது டாக்டர்' என்றால் அவர் எதைப் பார்ப்பார்? காலைத்தானே?

நான் மட்டும் யோக்கியமா என்று கேட்காதீர்கள். மூலத்துக்கான களிம்பு என் கடையில் கடைசித் தட்டில், குழந்தைப் பவுடர் டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கிறது. கேட்டால் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, ஏதோ திருட்டுப் பொருள் மாதிரி மேசைக்குக் கீழாகத் தருவேன். இருமல் மருந்தை மட்டும் கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

இனி இந்த இனத்தின் தலைசிறந்த குடும்பம் ஒன்றைக் காட்டுகிறேன். என் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் குடியிருக்கிறார்கள். மருமகள் உயிரியல் டீச்சர். அவருடைய வகுப்பில் உணவானது வாய்க்குள் நுழைந்து, உணவுக்குழாயில் இறங்கி, இரைப்பையில் அரைபட்டு, சிறுகுடலின் நெளிவு சுளிவெல்லாம் கடந்து பெருங்குடலை எட்டியதும் எப்படியோ மணி அடித்துவிடும். மறுநாள் போனால் இதயம் ஆரம்பமாகியிருக்கும். அவரிடம் படித்த பத்து வருடப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு உள்ளே போன கதைதான் தெரியும்.

நாலு மாதத்துக்கு முன்னால் டீச்சருக்குப் பெண் குழந்தை பிறந்தது. லேசான பிரசவம் இல்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் 'முக்கு, முக்கு' என்றார்கள், அவரும் முக்கினார், குழந்தையும் வந்தது, கூடவே மூலமும் வந்தது. முதலாவதைப் பார்க்க ஊரே திரண்டது. மூக்கு யார் சாடை, நெற்றி யார் சாடை என்று பட்டிமன்றம் நடந்தது. இரண்டாவதாக வந்ததை ஒருவரும் விசாரிக்கவில்லை. போதாக்குறைக்கு ரத்தம் ஊறுவதற்கென்று கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைக் கல்லாகக் கட்டிவிட்டது. கழிவறைக்குப் போகிற டீச்சரின் முகம் படிக்காமல் பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. வெளியே வந்தால் ரத்தம். வீக்கம் ஒரு நாள் வத்தும், ஒரு நாள் புடைக்கும். வத்தின நாளிலும் விரலுக்கு ஏதோ ஒன்று தட்டுப்பட்டது, கொஞ்சமாகத் தொங்கிக்கொண்டு, போகவே போகாமல்.

ரத்தம், கூடவே ஒரு கட்டி. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் ஓர் உயிரியல் டீச்சர் என்ன முடிவுக்கு வருவார்? புற்றுநோய் என்ற முடிவுக்கு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. பால் கொடுக்கும்போதெல்லாம் குழந்தையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாராம், எத்தனை மாதத்தில் ஒரு குழந்தைக்குத் தாயின் முகம் மறக்காமல் பதியும் என்று யோசித்துக்கொண்டு. இதைப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார்.

சொல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. அவர் பாஷையில் சொல்லித்தான் பார்த்தார். பிரசவம் பார்த்த மருத்துவர் ஆறாவது வாரம் வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டபோது, கீழே கொஞ்சம் வலி என்றார். தையல் போட்ட இடமா என்று மருத்துவர் கேட்டார். அந்தப் பக்கம்தான் என்றார் டீச்சர். அது ஆறிவிடும் என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பெற்ற தாயிடம் 'அந்த இடத்துல ஒரு மாதிரியா இருக்கும்மா' என்றார். 'உன்னைப் பெத்தப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு' என்றார் அம்மா. எப்படி என்று மகள் கேட்கவில்லை, இப்படி என்று அம்மாவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டு, ஒன்றுமே தெரிந்துகொள்ளாமல் படுக்கப் போனார்கள்.

கடைசியில் கணவரிடம், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மூலமாக இருக்குமோ என்னவோ என்று ஒரே மூச்சில் சொன்னார். கட்டி என்று சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். பதினாறு மாடி உயரத்தில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கும் தைரியசாலி. நல்ல மருத்துவர் யாரையாவது தெரியுமா என்று தன் அப்பாவைக் கேட்பதாக வாக்குக் கொடுத்தார்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுத்தர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்தால் பத்திரம், எழுந்தால் வில்லங்கம் என்று பேசுவார். டீச்சர் பெயரிலோ ஊருக்கு வெளியே பிறந்த வீட்டார் கொடுத்த சின்ன மனை ஒன்று கிடக்கிறது. இந்த நிலைமையில் மகன் போய்ப் பேச்சை எப்படித் தொடங்கினார் தெரியுமா?

"அப்பா, அவளுக்கு அந்த இடத்தால நாலு மாசமா நிம்மதியே இல்லப்பா."

பெரியவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "என்ன பிரச்சனை?"

"மூலம்."

"மூலப்பத்திரமா?"

கவனியுங்கள். 'இல்லப்பா' என்ற ஒரே சொல் இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் 'இல்லப்பா' என்றால் 'பின்ன எது?' என்று அடுத்த கேள்வி வருமே! பதினாறு மாடித் தைரியசாலி அந்தக் கேள்வியைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். 'ஆமாப்பா' என்று சொல்லிவிட்டார்.

பெரியவருக்குப் பத்து வயது குறைந்த மாதிரி ஆகிவிட்டது. மூலம் சரியில்லாவிட்டால் பின்னால் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விட்டுவிடும், இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா என்று கடிந்துகொண்டார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லாததால் மகனும் தலையாட்டினார். அன்றே ஓர் அட்டைக் கோப்பு வாங்கி, மேலே 'மருமகள், மூலம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கூடத்து மேசையில் வைத்துவிட்டார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் டீச்சர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொள்வாராம். வெட்கம் பிடுங்கித் தின்றாலும், மாமனார் இவ்வளவு அக்கறை எடுத்துக்கொள்கிறாரே என்று மனசு நெகிழ்ந்தும் போனதாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியவரின் சிநேகிதர் வந்தார். நரைத்த தலை, தடித்த கண்ணாடி, கையில் கறுப்புப் பை. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சரிடம் அதை யாரும் சொல்லவில்லை. இந்த மாதிரிச் சிக்கல்களில் கைதேர்ந்தவர், கூச்சப்படாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடு என்று மட்டும் மாமனார் சொன்னார். டீச்சர் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, சோபாவின் ஓரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மகன், காய்ந்த துணியை எடுத்து வருவதாக மொட்டைமாடிக்குப் போய்விட்டார். அன்றைக்குத் துணி எதுவும் காயப்போடவில்லை.

"எத்தனை நாளா இந்தப் பிரச்சனை?"

"பிரசவத்துலேர்ந்துதான் சார்."

வந்தவர் குறித்துக்கொண்டார். "எல்லையைத் தாண்டி வெளிய வந்திருக்கா?"

டீச்சர் தரையைப் பார்த்தபடி தலையசைத்தார். "இடது பக்கம். கொஞ்சம்தான்."

"முதல்ல கொஞ்சமாத்தான் வருவாங்க. சும்மா விட்டா முழுசாப் பிடிச்சிடுவாங்க."

கிருமிகளுக்குக்கூட மரியாதை கொடுத்துப் பேசும் மருத்துவர் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாராம்.

"இதுவரைக்கும் யாருக்காவது காட்டியிருக்கியாம்மா?"

"யாருக்கும் காட்டல சார்."

"தப்பு. அக்கம்பக்கத்துல நாலு பேருக்குக் காட்டி வச்சாத்தானே நாளைக்குச் சாட்சி சொல்ல ஆள் இருக்கும்?"

டீச்சர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் அவர் பையைத் திறந்து அளவு நாடா, நாலு இரும்பு முளை, ஒரு சுத்தியல் எல்லாவற்றையும் வரிசையாக மேசை மேல் எடுத்து வைத்துவிட்டு, இப்போதே போய் அளந்து நாலு பக்கமும் அடித்துவிட்டால் ஒரு பயல் உள்ளே வர முடியாது என்றார். பயப்படாதே, அரை மணி நேர வேலை என்று மாமனாரும் தைரியம் சொன்னார்.

டீச்சர் குழந்தையோடு படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெளியே இரண்டு பெரியவர்களும் கதவைத் தட்டி, முளை சின்னதுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. நாலு மாதப் பயத்தைச் சுமந்து, முன்பின் தெரியாத ஓர் ஆளிடம்கூடச் சொல்லத் துணிந்த பிறகு, கிடைத்தது சுத்தியல். இப்படியே அந்த இடம், இந்த இடம் என்று சொல்லிக்கொண்டிருந்தால் இந்தக் குழந்தை தாயில்லாமல்தான் வளரும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தார். இரண்டு பேரையும் தாண்டி, செருப்புக்கூடப் போடாமல், மாடிப்படி இறங்கி நேராக என் கடைக்கு வந்தார்.

கடையில் அப்போது ஏழு பேர் நின்றார்கள். டீச்சர் வரிசையில் நிற்கவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற வகுப்பறைக் குரல்.

"அக்கா, எனக்கு ஆசனவாயில ரத்தம் வருது. கட்டி மாதிரி ஒண்ணு தொங்குது. நான் செத்துடுவேனோன்னு பயமா இருக்கு. இவளுக்கு நாலு மாசம்தான் ஆகுது."

எடை இயந்திரத்தில் ஏறியிருந்தவர் இறங்காமல் நின்றார். இரண்டு மாதமாக இந்தப் பெண் என்னிடம் பஞ்சும் வெந்நீர்ப் பையும் வாங்கிக்கொண்டிருந்தார். நாற்காலியை நகர்த்திப் போட்டால் 'பரவால்லக்கா, நின்னுக்கிறேன்' என்பார். எனக்குத் தெரியாதா? தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மிச்சச் சில்லறையைக் கொடுத்து, குழந்தை சௌக்கியமா என்று கேட்டு அனுப்பிவைத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதலில் பேசியவர் நம் வழுக்கைத் தலையர். எட்டாவது சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ரத்தம் நல்ல சிவப்பா, கறுப்பா என்று கேட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். தனக்கு ஒன்பது வருடமாக இருப்பதாகச் சொன்னார். தெரிந்தவர் ஒருவருக்கு அல்ல, தனக்கு. உடனே பின்னால் நின்ற பள்ளி வேன் ஓட்டுநர் தனக்கு ஆறு வருடம் என்றார். இரண்டு பிள்ளை பெற்ற தையல்காரம்மா, முதல் பிள்ளைக்கு வந்தது போய்விட்டது, இரண்டாவதுக்கு வந்தது போகவில்லை என்றார். தலைவலி மாத்திரை வாங்க வந்த ஓர் இளைஞர், தனக்கு இல்லை, ஆனால் எப்படித் தெரிந்துகொள்வது என்று கவலையோடு விசாரித்தார். நான் இதற்கிடையில் எனக்குத் தெரிந்த பெண் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசி, மறுநாள் காலை முதல் ஆளாகப் பார்க்கச் சொன்னேன். பேரைச் சொல்லி, வியாதியைச் சொல்லி, இடத்தையும் சொல்லித்தான் பேசினேன். என் காது சூடானது உண்மை.

திங்கட்கிழமை நானே கூடப் போனேன். நாலு நிமிடம்தான் பரிசோதனை.

"மூலம்தான்," என்றார் டாக்டரம்மா. "குழந்தை பெத்தவங்கள்ல நிறையப் பேருக்கு வரும். நீங்க தடவிப் பார்த்துப் பயந்தீங்களே, அது கட்டி இல்ல. வீக்கம் வத்தினதும் மிச்சமா நிக்கிற வெறும் தோல். பலூன்ல காத்து போனா சுருங்கிக் கிடக்குமே, அந்த மாதிரி. அதால ஒரு ஆபத்தும் கிடையாது."

"அப்ப நான் சாக மாட்டேனா டாக்டர்?"

"சாவீங்க. இதனால இல்ல."

டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார். நானும்தான். பிறகு டாக்டரம்மா செய்ய வேண்டியதை விளக்கினார். நிறையத் தண்ணீர், காய், பழம், பால் கொடுக்கிறவர்களுக்கு ஒத்துக்கொள்கிற மலமிளக்கி, வேறு இரும்புச்சத்து மாத்திரை, ஒரு களிம்பு. அகலமான டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பித் தினம் இரண்டு மூன்று தடவை பத்துப் பத்து நிமிடம் உட்கார வேண்டும். கழிவறையில் காலுக்கடியில் சின்ன முக்காலி போட்டுக்கொள்ள வேண்டும், முக்கக் கூடாது, கைப்பேசியை உள்ளே எடுத்துக்கொண்டு போய்க் குடித்தனம் நடத்தக் கூடாது. சில வாரத்தில் ரத்தம் நிற்காவிட்டால் திரும்பி வர வேண்டும், உள்ளே பார்த்து, தேவைப்பட்டால் சின்ன ரப்பர் வளையம் மாட்டிச் சுருங்க வைத்துவிடலாம். தொங்கும் தோல் சுத்தம் செய்ய இடைஞ்சலாக இருந்தால் பிற்பாடு எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். இவ்வளவுதான் விஷயம். இதற்கு நாலு மாதம் ஆகியிருக்கிறது.

அன்று சாயங்காலம் டீச்சர் கூடத்து மேசையில் இருந்த கோப்பை எடுத்து மாமனார் கையில் கொடுத்தாராம்.

"மாமா, மனையில ஒரு பிரச்சனையும் இல்ல. எனக்கு ஆசனவாயில மூலம். டாக்டர் பார்த்துட்டாங்க, சரியாயிடும்."

மகன் மொட்டைமாடிக்குக் கிளம்பினார். டீச்சர் அவரை உட்காரச் சொன்னார், உட்கார்ந்தார். பெரியவர் கோப்பைத் திறந்தார், மூடினார், அதன் நாடாவை அவிழ்த்துக் கட்டினார். பிறகு பேசினார். அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடமும் ஒரு பழைய பதிவேட்டைத் துணியில் சுற்றி நாற்காலியில் போட்டு அதன் மேல்தான் உட்கார்ந்தாராம். உயரம் போதவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாராம். போய்ச் சேர்ந்த மனைவிக்குக்கூடத் தெரியாதாம்.

"அந்த டாக்டரம்மா," என்று தயங்கினார், "ஆம்பளைங்களையும் பாப்பாங்களாம்மா?"

இப்போது அந்த வீட்டில் இரண்டு டப்பு இருக்கின்றன. பின்னால் தகராறு வரக்கூடாது என்று இரண்டிலும் உரிமையாளர் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறார் பெரியவர். டீச்சர் உட்காருகிறார். நிஜமாகவே, நாற்காலியில், முழுதாக. அளவைக்காரர் மட்டும் அந்த இடத்துக்கு எப்போது போகிறோம் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். அவருக்கு யார் சொல்வது என்று குடும்பத்தில் பேச்சுவார்த்தை நடக்கிறது.

சிரித்தீர்களா வாசகரே? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் சிரிக்கிற வேகத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சாய்ந்து உட்கார்ந்தீர்களே, அதை நான் கவனித்துவிட்டேன். எத்தனை நாளாக? யாரிடம் சொன்னீர்கள்? சரி, என்னிடம் சொல்ல வேண்டாம். இதோ, பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து, இப்படிச் சிரிக்கிறீர்களே, எதைப் பற்றிய கட்டுரை என்று கேட்கப்போகிறார். என்ன பதில் சொல்வதாக உத்தேசம்?

'ஒண்ணுமில்ல, ஏதோ ஒரு நிலத் தகராறு' என்றுதானே?